அமெரிக்காவில் எந்த ஊர்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குள் ஊர் மாறுவது பற்றியவை. "வாழச் சிறந்த பத்து நகரங்கள்" என்று வரும் பட்டியல்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவற்றைத் தயாரித்தவர் எதற்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. எந்தச் சூழ்நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு விஷயங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டே இரண்டு. ஆறு ஏழு எழுதினால் எந்த ஊரும் தேறாது.

சான் ஹோசேயிலிருந்து டல்லஸுக்கு மாறலாம் என்று யோசிக்கிறோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர். டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது, அத்தனையும் மிச்சம்தான் என்கிறார் கணவர். அப்படித்தானா?
– வாசகி, சான் ஹோசே

பாதி சரி. கலிஃபோர்னியாவில் கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால், இந்த வருமானத்துக்கு மாநில வருமான வரி ஏறத்தாழ 6,000 டாலர் வரும். அது டெக்சஸில் இல்லை. ஆனால் டெக்சஸ் அந்தப் பணத்தைச் சொத்து வரியாக வாங்கிவிடுகிறது. டல்லஸ் புறநகரில் 4,50,000 டாலருக்கு வீடு வாங்கி, வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், விலக்குகளைக் கழிப்பதற்கு முன் ஆண்டுக்கு 9,000 டாலர். புதிய குடியிருப்புகளில் குடிநீர், வடிகால் கடனுக்காக "மட்" என்று சொல்லும் தனி வரி வேறு சேர்ந்துகொள்ளும். வேலை போனால் வருமான வரி நின்றுவிடும், சொத்து வரி நிற்காது.

அப்படியானால் டெக்சஸில் லாபமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வீட்டு விலையில் இருக்கிறது. அதே அளவு வீடு சான் ஹோசேயில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிடும். கணக்குப் போடும்போது வரியை மட்டும் பார்க்காமல் மாதத் தவணை, சொத்து வரி, காப்பீடு மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விற்பவர் கட்டிய வரி ரசீதைப் பார்த்து, நமக்கும் அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். டெக்சஸில் சொந்தமாகக் குடியிருப்பவருக்கு "ஹோம்ஸ்டெட்" விலக்கு உண்டு. வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறியதும் விற்றவருக்கு இருந்த இந்த உச்சவரம்பு போய்விடும்; உங்களுக்குப் புது மதிப்பில் வரி வரும். விலக்குக்கு நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம்: முதல் ஆண்டு ரசீது பெரும்பாலும் வெறும் மனைக்குப் போட்டது. சொத்து வரியையும் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் வங்கி, அதை வைத்து மாதத் தவணையை நிர்ணயிக்கும். அடுத்த ஆண்டு கட்டடத்தோடு சேர்த்து வரி வந்ததும், முதல் ஆண்டில் குறைவாகப் பிடித்த தொகையையும் புது வரியையும் சேர்த்து வசூலிப்பார்கள். தவணை மாதம் 500, 600 டாலர் கூடி மூச்சு முட்டும். வாங்கும்போதே, முழு மதிப்பில் வரி எவ்வளவு என்று கேட்டு அதன்படியே தவணை போடச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் நிலைமை நேர் எதிர். 1978இல் வந்த "13ஆம் பிரேரணை" என்ற சட்டத்தின்படி அடிப்படைச் சொத்து வரி, வாங்கிய விலையில் 1 சதவீதம். வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஏற்கெனவே அங்கே பழைய விலையில் வீடு வைத்திருப்பவர்கள், அதை விற்றுவிட்டுப் போவதற்கு முன் இந்தச் சலுகையை இழக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் அலுவலகம் நியூயார்க்கில். முழுக்க வீட்டிலிருந்தே வேலை. ஃபுளோரிடாவுக்குப் போனால் மாநில வரி இல்லாமல் தப்பிக்கலாமா?
– வாசகர், குயின்ஸ்

நியூயார்க் நகரவாசிகள் கட்டும் நகர வருமான வரி, 3 முதல் 4 சதவீதத்துக்குள் இருப்பது, உங்களுக்கு நின்றுவிடும். மாநில வரி அவ்வளவு சுலபமாக விடாது. உங்கள் வசதிக்காக வெளி மாநிலத்தில் உட்கார்ந்து நியூயார்க் அலுவலகத்துக்கு வேலை செய்தால், அந்த நாட்களையும் நியூயார்க்கில் வேலை செய்ததாகவே அந்த மாநிலம் எடுத்துக்கொள்கிறது. நிறுவனம் உங்களை முறைப்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றினால் கதை வேறு. மனிதவளத் துறையிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஊர் மாறினால் சம்பளத்தைக் குறைப்பார்களா? பல நிறுவனங்களில் அந்த வழக்கம் இருக்கிறது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நிறுவனம் எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வேலை செய் என்கிறது. வாடகை குறைவான சின்ன ஊர் ஒன்றுக்குப் போய்விடலாமா?
– வாசகர், சிகாகோ

நிறுவனம் சொன்னது மட்டும் போதாது. எச்-1பி வேலை விசாவுக்காக நிறுவனம் போடும் மனு, அதில் குறிப்பிட்ட வேலை இடத்தோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகரப் பகுதியைத் தாண்டி இடம் மாறினால், மாறுவதற்கு முன்பே திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றாலும், வேலை இடம் உங்கள் வீடுதான். மனு தாக்கலானதும் புது ஊரில் வேலை தொடங்கலாம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் மனுவைத் தாக்கல் செய்துவிட்டாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்கான முதல் படியான "பெர்ம்" என்ற தொழிலாளர் சான்றிதழ் வேலை நடந்துகொண்டிருந்தால் அதுவும் இடத்தைப் பொறுத்தது. மறுபடி தொடங்க நேரலாம். நிறுவனத்தின் கிரீன் கார்டு மனுவான ஐ-140க்கு ஒப்புதல் கையில் இருந்தால், வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி பொதுவாகப் போகாது.

வாடகையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை போனால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் புது நிறுவனம் மனு போட்டாக வேண்டும். உங்கள் துறையில் ஒரே ஒரு நிறுவனம் இருக்கும் ஊரில் இருந்தால், வேலை தேடுவதோடு வீடு மாறுவதும் பிள்ளையின் பள்ளியை மாற்றுவதும் அதே 60 நாளில் வந்து விழும். ஆகவே விசாவில் இருப்பவர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போதைய வேலையை மட்டும் பார்க்காமல், அடுத்த வேலையை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை வாய்ப்புத் தளத்தில் உங்கள் பதவிப் பெயரைப் போட்டு, அந்த ஊரிலிருந்து 25 மைல் சுற்றளவில் விசா ஆதரவு தரும் நிறுவனங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தாராளமாகச் சின்ன ஊரைப் பார்க்கலாம்.

மகன் எட்டாம் வகுப்பு. ஆஸ்டினில், இணையதள மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளி இருக்கும் பகுதியாகப் பார்த்து வீடு தேடுகிறோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, அட்லாண்டா

முதலில் முகவரி. தபால் முகவரியில் "ஆஸ்டின்" என்று இருப்பதால் ஆஸ்டின் பள்ளி மாவட்டம் (பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக எல்லை) என்று அர்த்தமில்லை. ஆஸ்டின் முகவரி உள்ள வீடுகளில் சில ரவுண்ட் ராக் மாவட்டத்தில் வரும், சில லியாண்டரில் வரும். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள். பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண், தெரு இரண்டையும் போட்டுப் பாருங்கள். அடுத்து, எல்லை மாறுமா என்று கேளுங்கள். வேகமாக வளரும் புறநகரில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லையைத் திருத்துவார்கள்; தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் இன்னொன்று என்று ஆகிவிடும்.

அந்தப் பத்துக்குப் பத்து பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. உங்கள் மகனுக்கு அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. டெக்சஸ் பொதுப் பள்ளியில் வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறைவு. 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். மிகக் கடுமையான போட்டி உள்ள பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட 12ஆவது சதவீதத்தில் நிற்கலாம். அதே பிள்ளை சற்றே சாதாரணப் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வருவான். இடம் கிடைத்தாலும் கேட்ட பாடப்பிரிவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை, குறிப்பாகக் கணினி அறிவியல், பொறியியலில். ஆகவே பள்ளி ஆலோசகரிடம் சராசரியைக் கேட்காமல், "முதல் 5 சதவீதத்தின் கடைசி மாணவர் எத்தனை கல்லூரித் தரப் பாடங்கள் எடுத்திருந்தார்?" என்று கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாறுவது நல்ல நேரம். பதினொன்றாம் வகுப்பில் மாறினால் பழைய பள்ளியின் பாடங்களைப் புதுப் பள்ளி எப்படி மதிப்பிடும் என்பதில் தரவரிசை அடிபடும்.

குழந்தை பிறந்தது அக்டோபர் 10. ஊர் மாறினால் பள்ளியில் சேரும் ஆண்டு மாறுமா?
– வாசகி, ஹூஸ்டன்

மாறும். டெக்சஸில் செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரில் டிசம்பர் 31க்குள் முடிந்தால் போதும். உங்கள் குழந்தை அங்கே ஓராண்டு முன்னதாகவே கிண்டர்கார்டனில் சேரும்.

அப்பா, அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலமும் குறைவு. அவர்களுக்கு எந்த ஊர் ஏற்றது?
– வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

முதலில் விமானம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. டல்லஸ், ஹூஸ்டன், சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன், சான் ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில் போன்ற ஊர்களிலிருந்து துபாய்க்கு நேர் விமானம் உண்டு. அங்கே ஒரே ஒரு முறை மாறினால் சென்னை. கொலம்பஸ் மாதிரி ஊருக்கு இரண்டு மாற்றம். இரண்டாவது மாற்றம் அமெரிக்க விமான நிலையத்தில், குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துத் திரும்பப் போட்ட பிறகு நடக்கும். வயதானவர்கள் தடுமாறுவது அங்கேதான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். கூட்டிப் போகிறவர் அடுத்த வாசல்வரை கொண்டுவிடுவார்.

அடுத்தது, வீட்டைச் சுற்றி நடக்க முடியுமா என்பது. ஊர்ப் பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. வரைபடத்தின் தெருக்காட்சியில், வீட்டு வாசலிலிருந்து அருகிலுள்ள மளிகைக் கடைவரை நீங்களே "நடந்து" பாருங்கள். நடைபாதை பாதியில் அறுந்துபோகிறதா? ஆறு வழிச் சாலையைக் கடக்க நடப்பவருக்கென்று சிக்னல் இருக்கிறதா? அரை மைல் தூரத்தில் கடை இருந்தும், அந்த ஒரு சாலையைக் கடக்க முடியாமல் பெற்றோர் ஆறு மாதமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் வீடுகள் ஏராளம். நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டை ஒட்டிய தெருக்கள், ஜெர்சி சிட்டியின் நியூவார்க் அவென்யூ, சிகாகோவின் டெவன் அவென்யூ ஆகியவை நம் கடைகளை நடந்தே எட்டக்கூடிய இடங்கள். குளிர் தாங்காத பெற்றோர் என்றால் ஏப்ரலில் வரவழைத்து அக்டோபரில் அனுப்புங்கள்.

எனக்குக் கார் ஓட்டவே பயம். எந்த ஊரில் சமாளிக்கலாம்?
– வாசகி, கோவை

நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ. வாஷிங்டனைக் கூடுதலாகப் பரிந்துரைக்கிறோம்; 2022 நவம்பரில் சில்வர் ரயில் தடம் டல்லஸ் விமான நிலையத்தைத் தாண்டி ஆஷ்பர்ன்வரை நீண்டதால், வர்ஜீனியாவின் ரெஸ்டன், ஹெர்ன்டன் அலுவலகங்களுக்கும் ரயிலிலேயே போகலாம். (இந்த டல்லஸ் வேறு, டெக்சஸ் ஊர் வேறு.) நிலையத்திலிருந்து 10 நிமிட நடைக்குள் வீடு பாருங்கள், பனி உறைந்த நாளில் அது 20 நிமிடமாகும்.

நியூயார்க்கில் வீடு பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு: மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். 3,000 டாலர் வாடகைக்கு 1,20,000 டாலர். அது இல்லையென்றால் 80 மடங்கு வருமானம் உள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும். பாஸ்டனில் ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1இல் தொடங்குகின்றன. அதை விட்டுவிட்டால் தேர்வு சுருங்கிவிடும்.

சியாட்டிலில் எப்போதும் மழையாமே?
– வாசகர், சென்னை

ஆண்டு மழை அளவு நியூயார்க்கைவிடக் குறைவு. சிரமம் தருவது இருட்டு. டிசம்பரில் மாலை 4.20க்கே சூரியன் மறைந்துவிடும், மற்ற நேரமும் மேகமூட்டம். வெயில் இல்லாவிட்டால் மனம் சோர்ந்துபோகிறவர் நீங்கள் என்றால் யோசியுங்கள். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் ஏசி கிடையாது. 2021 ஜூனில் அங்கே 108 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டது. எந்த ஊரையும் அதன் மோசமான மாதத்தில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள்: சியாட்டில் டிசம்பரில், மினியாபொலிஸ் ஜனவரியில், ஃபீனிக்ஸ் ஜூலையில். ஃபீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவில்லை.

ஹூஸ்டனில் வீடு வாங்கப் போகிறோம். வெள்ள அபாயம் இல்லாத பகுதி என்கிறார் முகவர். நம்பலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

அரசின் வெள்ள வரைபடத்தில் "எக்ஸ்" பகுதி என்றால் அபாயம் குறைவு என்றுதான் பொருள், இல்லை என்று பொருளல்ல. 2017 ஹார்வி புயலில் அப்படிப்பட்ட பகுதிகளிலும் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. டெக்சஸில் வீட்டுக்குள் முன்பு வெள்ளம் வந்திருந்தால் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு 2,50,000 டாலர்வரை கிடைக்கும். ஆனால் எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அது செல்லும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்தால் பயனில்லை. வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதே சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இருக்காது.

டல்லஸ் பக்கம் போகிறவர்கள் வெள்ளத்துக்குப் பதில் ஆலங்கட்டி மழையைப் பாருங்கள். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கைச் சதவீதமாக எழுதியிருப்பார்கள். 4,00,000 டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால், கூரை மாற்ற முதல் 8,000 டாலர் உங்களுடையது.

லாரியில் சாமான் அனுப்பும்போது கவனிக்க வேண்டியது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றும் நிறுவனத்துக்கு மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண் இருக்க வேண்டும். அதை அரசுத் தளத்தில் சரிபாருங்கள். சாமானை நேரிலோ வீடியோவிலோ பார்த்து, பிறகு ஏற்ற முடியாத உறுதி விலையாக எழுதித் தரச் சொல்லுங்கள். இலவசமாகத் தரும் பொறுப்புறுதி, பவுண்டுக்கு 60 சென்ட்தான். 40 பவுண்டு எடையுள்ள டிவி உடைந்தால் உங்களுக்குக் கிடைப்பது 24 டாலர். முழு மதிப்புப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள். நகை, பாஸ்போர்ட், விசா மனு ஒப்புதலான ஐ-797 தாள்கள் உங்கள் கைப்பையில்.