சுப்ரீம்ஸ் குழுவின் ஆரம்பகாலப் பாடல்கள் ஏன் எடுபடவில்லை?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சோல் என்ற கறுப்பின மக்களின் இசையைப் பாடிய பெண்கள் குழுவான சுப்ரீம்ஸ் 1964-க்கு முன் பாடியவற்றையே ஆரம்பகாலப் பதிவுகள் என்கிறோம். 1960-ல் பிரைமெட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனத்துக்குப் பாடினார்கள். 1961-ல் பெயரை மாற்றிக்கொண்டு மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அப்புறமும் பெரிய வெற்றி கிடைக்கவில்லை.

குரலில் குறையில்லை, சுருதிதான் பொருந்தவில்லை. மோடவுனில் வந்த முதல் பாட்டான 'ஐ வாண்ட் எ கை'யைக் கேளுங்கள்: குழுவின் பாடகி டயானா ராஸ் மூக்கால் உச்சத்தில் பாடுகிறார், கேட்கவே பாவமாக இருக்கும். 1964-ல் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் என்ற பாடலாசிரியர் மூவர் 'வேர் டிட் அவர் லவ் கோ'வைத் தாழ்ந்த சுருதியில் பாடவைத்தார்கள். கச்சேரியில் ஒரு கட்டை இறக்கியதும் குரல் குழைந்து வருமே, அப்படி வந்தது. அமெரிக்காவில் முதலிடம்!

டயானா மட்டுமே எப்போதும் முன்னணியில் பாடினார் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியல்ல. 1961-ன் 'பட்டர்ட் பாப்கார்ன்' பாட்டில் முன்னணிக் குரல் குழுவின் இன்னொரு பாடகி ஃபுளோரன்ஸ் பல்லார்டுடையது.