கேமராவைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஓர் அப்பா, போன வாரம் மகளையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு, மேலே என்ன படிக்க வைப்பது என்று ஆலோசனை கேட்க என்னிடம் வந்தார். பாப்பா பயோ-மேத்ஸ் படித்தவள். இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டு முறையும் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. மாமா முடிவோடுதான் வந்திருந்தார். மூன்றாவது முறையும் எழுதட்டும், அப்போதும் வரவில்லையென்றால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். ஏஜென்ட்டிடம் பேசியாகிவிட்டது. கிணற்றுத் தோட்டத்தை அடமானம் வைக்கவும் ஆள் பார்த்தாகிவிட்டது. "குடும்பத்துக்கு ஒரு டாக்டர் வேணுங்க" என்றார்.

நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். பேச்சுவாக்கில் பாப்பாவின் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது விஷயம் வேறு பக்கம் திரும்பியது. போன வருடம் அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தியிருக்கிறது. கால் மரத்துப்போய், எண்டோஸ்கோப்பி முறையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்த வீடியோவை டாக்டர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதுவரை தலையைக் குனிந்திருந்த பாப்பா அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "சார், உள்ள முழுக்கத் தண்ணி ஓடிட்டே இருக்கு. அதுக்குள்ள எப்படி இவ்ளோ தெளிவாத் தெரியுது? கேமரா உள்ள போகுதா, இல்ல வெளியவே இருக்கா?" அந்த வீடியோவை இருபது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாளாம்.

ஆறுதல் சொல்வதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஐயா, நேராகவே சொல்கிறேன். தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் 54 மாதங்களுக்குக் குறையாமல் படிக்க வேண்டும், அங்கேயே ஒரு வருடம் பயிற்சி முடிக்க வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும், அதற்குப் பிறகு இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. அந்தத் தேர்வில் பெரும்பாலான முறை, எழுதுபவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர்கூடத் தேறுவதில்லை. அத்தனை வருடமும் வட்டி ஓடும். ஏஜென்ட் காட்டும் கட்டணத் தாளில் இதெல்லாம் இருக்காது. மூன்றாவது நீட்டும் வேண்டாம் என்பேன். "உனக்கு எழுத ஆசையா?" என்று பாப்பாவிடம் தனியாகக் கேட்டேன். "மாமா சொன்னதாலதான் சார்" என்றாள். பதினெட்டைத் தாண்டிய பெண்ணின் ஒரு முழு வருடத்தை இன்னொருவர் ஆசைக்காக எடுத்துக்கொள்வது தவறு. மாமா முகம் சுளித்தாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவளுக்கான படிப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இந்த ஆபரேஷனில் தோலில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல்தான். அதன் வழியாக ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் போகிறது. லென்ஸ் வரிசை, வெளிச்சம் கொண்டுபோகும் கண்ணாடி இழைகள், சலைன் வந்து போகும் வழி, கருவி நுழைய 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பாதை எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கேமரா பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது. உள்ளிருந்து படத்தைக் கண்ணாடித் தண்டுகள் சுமந்து வருகின்றன. ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரின் யோசனை இது. பழைய குழாய்களில் சின்னச் சின்ன லென்ஸ்களுக்கு நடுவே நிறையக் காற்று இருக்கும். அவர் அதைத் தலைகீழாக்கி, நீளமான கண்ணாடித் தண்டுகளை வைத்து நடுவில் மட்டும் கொஞ்சம் காற்று விட்டார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் 1960-களில் அதைக் கருவியாக்கியது.

தண்டின் வெளிமுனையில் கேமரா ஹெட் மாட்டுவார்கள். நல்ல ரகத்தில் ஒரு பிரிசம் வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று சென்சார்களுக்கு அனுப்பும். ஆபரேஷன் தொடங்குமுன் வெள்ளைத் துணியைக் காட்டி 'ஒயிட் பேலன்ஸ்' செய்வார்கள். அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. முதுகெலும்புக்குள் ஒரு தசைநாருக்குப் பெயரே மஞ்சள் தசைநார். பக்கத்தில் இருக்கும் கொழுப்பும் மஞ்சள். நரம்பு வேர் வெளிறிய நிறம். திரையில் நிறம் பிசகினால் எதைத் தொடுகிறோம் என்பதே குழம்பும்.

ஒரு சொட்டு ரத்தம் கசிந்தால் திரை முழுக்கச் சிவந்துவிடும். தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டினால் தெளியும், ஆனால் அளவுக்கு மீறினால் அந்த அழுத்தம் நரம்பு உறை வழியே மேலே ஏறித் தலைவலி, கழுத்துவலியில் கொண்டுபோய் விடும். படம் மங்கினால் உடனே கேமராவைக் குறை சொல்லவும் முடியாது. கேமரா ஹெட்டுக்கும், அது மாட்டப்படும் குழாயின் வெளிமுனையான ஐபீஸுக்கும் நடுவே ஈரம் இருக்கலாம், ஒளி கேபிளில் இழைகள் உடைந்திருக்கலாம். கேபிளின் ஒரு முனையை அறை விளக்குப் பக்கம் நீட்டி மறுமுனையைப் பார்த்தால், உடைந்த இழைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் இதைச் செய்து காட்டினான். அவன் இப்போது இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் இருக்கிறான். ஆபரேஷன் தியேட்டரில் திரை மங்கினால் சர்ஜன் அவனைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

கொரியாவில் வளர்ந்த இன்னொரு முறையில் இரண்டு துளைகள்: ஒன்றில் கேமரா, இன்னொன்றில் கருவி. இப்போது உடலுக்கு மேலே நிற்கும் முப்பரிமாண 4கே கேமராவை வைத்து, சர்ஜன் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தே செய்யும் எக்ஸோஸ்கோப்பும் வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் ஒளியியலும் எலெக்ட்ரானிக்ஸும் உடற்கூறும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும்.

அந்தப் படிப்பு பி.இ. பயோமெடிக்கல் இன்ஜினியரிங். பயோடெக்னாலஜியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. பாப்பாவுக்குக் கணிதம் இருப்பதால் பொறியியல் கலந்தாய்விலேயே போகலாம். கிண்டியிலும் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி. டெக்கிலும் இருக்கிறது. எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நாள் அனுப்புகிறீர்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு நன்கொடை கொடுத்துச் சேர்க்கவே வேண்டாம். இந்தத் துறையின் தொடக்கச் சம்பளம் அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீஷியா டெக்னாலஜி இருக்கிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி, செலவும் கம்மி. பி.இ. முடித்தபின் இன்னும் படிக்க ஆசைப்பட்டால் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங்கைப் பார்க்கலாம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் ஐ.டி.க்குப் போன தோழிகளைவிடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கம்பெனி வேலையென்றால் ஊர் ஊராக அலைய வேண்டும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இந்த ஆபரேஷன்களில் சி-ஆர்ம் என்ற நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவியும் ஓடும் என்பதால் ஈய ஏப்ரன் போடாமல் உள்ளே நிற்கவே கூடாது. "பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று கேட்டீர்கள். தியேட்டரில் நர்ஸாக நிற்பவர்களும் பெண்கள்தானே ஐயா.

கலந்தாய்வுக்கு அவளையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சாய்ஸ் பட்டியலையும் அவளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமாவை அன்றைக்கு மண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.