மூன்று கிழமையில் காஸ் போய்விட்டது: கொம்பிரசரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். 2017 ஆம் ஆண்டு வாகன் ஆர், பின்பக்கத்தில் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது. ஏசி குளிரவில்லை என்று காஸ் அடித்தேன். மூன்று கிழமை நன்றாக இருந்தது, பிறகு வெறும் காற்றுத்தான் வந்தது. இப்போது கொம்பிரசர் சுற்றவில்லை, அது செத்துவிட்டது, கொழும்பிலிருந்து பழையது ஒன்று எடுத்துத் தருகிறோம் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முற்பணமும் கொடுக்காதீர்கள்.

ஏசி காஸ் பெற்றோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மூன்று கிழமையில் குளிர் போயிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் காஸ் அடித்தவர் உங்கள் காசைக் காற்றில் விட்டிருக்கிறார்.

கொம்பிரசர் சுற்றாததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். கொம்பிரசருக்கு வேண்டிய ஒயில் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. காஸ் இல்லாமல் ஓடினால் உள்ளே காய்ந்து இறுகிவிடும். அதனால் காஸின் அழுத்தம் குறைந்ததும் ஒரு சென்சர், கொம்பிரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளச்சுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. உங்கள் கார் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அதைக் காட்டித்தான் கொம்பிரசர் செத்துவிட்டது என்கிறார்கள்.

இதைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஓடவிடாமல், காஸின் அழுத்தத்தை அளக்கும் இரண்டு கேஜையும் மாட்டச் சொல்லுங்கள். நம்முடைய பகல் வெயிலில், 30 பாகை தாண்டிய சூட்டில், இரண்டும் 100 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். 20, 30 காட்டினால் காஸ் இல்லை. 100 காட்டினால் அளவு சரி என்று அர்த்தமில்லை, சுற்றுக்குள் கொஞ்சமாவது காஸ் மிஞ்சியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அப்போது பியூஸ், ரிலே, கிளச்சுக்கு வரும் 12 வோல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காஸ் இல்லையென்றால் ஓட்டையைத் தேடுங்கள். காஸ் கசிகிற இடத்தில் ஒயிலும் கசியும். அந்த ஈரத்தில் புழுதி பிடித்துக் கறுப்பாகத் தெரியும். முதலில் கொண்டென்சரைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது அதுதான், கிரவல் வீதியில் முன்னால் போகிற டிப்பர் தெறிக்கும் கல்லெல்லாம் அதில்தான் படும். பிறகு குழாய் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள், கொம்பிரசரின் முன் சீல். எதுவும் தெரியாவிட்டால் நைதரசன் நிரப்பிச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்க வேண்டும். டாஷ்போட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அதை எடுக்க டாஷ்போட்டையே கழற்ற வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, அரை மணித்தியாலமாவது வெக்கியூம் இழுக்க வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் காஸோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பிறகு காஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். பொனட்டுக்குள் உள்ள ஸ்டிக்கர் ஜப்பான் மொழியில் இருந்தாலும் கிராம் கணக்கை யாரும் வாசிக்கலாம். குழாயைத் தொட்டுப் பார்த்துக் காஸ் அளக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். சின்னக் காரில் 50 கிராம் கூடினாலே குளிர் குறையத் தொடங்கும்.

இனி அந்த ஹைபிரிட் எழுத்து. இதில் பலர் குழம்புகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வாகன் ஆரில் கொம்பிரசரை எஞ்சின்தான் பெல்ட்டால் சுற்றுகிறது. மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தும். டொயோட்டா அக்வா, பிரியஸ் வேறு சாதி. அவற்றின் கொம்பிரசருக்குப் பெல்ட்டும் இல்லை, கிளச்சும் இல்லை, பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் நிறக் கேபிள் அதன் அடையாளம். அதில் ஓடுவது நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட், ஆளைக் கொல்லும். ஒயிலும் வேறு. சாதாரணக் காருக்கு ஊற்றும் பாக் ஒயில் அதற்குள் போனால் மின்காப்புக் கெட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியே கிளம்பாமல் போகலாம். அதற்குரியது என்டி-11 என்ற ஒயில். ஒரே மிஷினால் வாகன் ஆருக்கும் அக்வாவுக்கும் காஸ் ஏற்றுகிற கராஜில், மிஷினின் குழாயில் மிஞ்சிய ஒயிலை என்ன செய்கிறீர்கள் என்று அக்வாக்காரர் கேட்டே ஆக வேண்டும்.

ஓட்டை அடைக்கும் மருந்து கலந்த பேணிக் காஸ் வேண்டவே வேண்டாம். அது காஸ் போகும் நுண்ணிய எக்ஸ்பான்ஷன் வால்வுக்குள் போய் உறையும். மலிவு என்று அடுப்புக் காஸை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கசிந்து பிள்ளைகள் இருக்கும் காருக்குள் வந்தால் ஒரு பொறி போதும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடா வருடம் புகைச் சோதனை கேட்கிறார்கள். கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் இந்தக் காஸை ஒவ்வொரு கராஜும் முற்றத்தில் திறந்துவிடுவதை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஓட்டை தேடுகிற பழக்கமும் வந்திருக்கும்.

கொம்பிரசர் உண்மையாகவே போயிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. காஸ் சரியாக இருந்து கிளச்சும் சுற்றும்போது இரண்டு கேஜும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும், அல்லது ஒயில் கறுத்து அதில் உலோகத் தூள் மினுங்கும். தூள் இருந்தால் கொண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்படியே விட்டால் அந்தத் தூள் புதிதாகப் பூட்டியதையும் தின்றுவிடும். பழைய கொம்பிரசர்தான் வாங்குவதென்றால் தரகர் சொல்லும் விலையை விட குழாய் பூட்டும் அதன் இரண்டு வாயையும் கவனியுங்கள். மூடி போடாமல் மாதக்கணக்கில் திறந்து கிடந்தது என்றால் உள்ளே ஈரம் ஏறியிருக்கும். திருப்பி அனுப்புங்கள்.