யூசர் ரெஃப்ரெஷ் அடிச்சுட்டாரு, பழைய த்ரெட் என்ன ஆகும்?

ஒருத்தர் கேட்டிருக்காரு: மைக்ரோசாஃப்ட்டோட வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோர்ல ஒரு ரிப்போர்ட் பேஜ், வர நாப்பது செகண்ட் ஆகுது, யூசருங்க பொறுமையில்லாம ரெஃப்ரெஷ் அடிச்சுட்டே இருக்காங்க, பழைய ரிக்வெஸ்ட்டோட த்ரெட், அதாவது சர்வர்ல அந்த வேலையை ஓட்டுறது, உடனே பூலுக்கு (சும்மா இருக்கிற த்ரெட்டுங்க அடுத்த வேலைக்குக் காத்திருக்கிற இடம்) திரும்பிடுமா?

திரும்பாதுங்க. பிரவுசர் கனெக்ஷனை மூடினா கோரோட வெப் சர்வரான கெஸ்ட்ரலுக்குத் தெரியும், ஆனா அது உங்க கோடுக்குச் செய்யறது ஒண்ணே ஒண்ணு, ரிக்வெஸ்ட்அபார்ட்டட்ங்கிற டோக்கனை (வேலையை நிறுத்தச் சொல்ற ஒரு கொடி மாதிரி) கேன்சல் பண்ணிவிடும். அதை யாரும் பாக்கலன்னா கோடு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல த்ரெட்.அபார்ட்னு ஒண்ணு இருந்துச்சு, டேட்டா பாதி மாறிட்டிருக்கும்போதே த்ரெட்டைக் கொல்லும், டாட்நெட் கோர்ல அதைக் கூப்பிட்டா எக்ஸெப்ஷன்தான் வரும், தொலைஞ்சதே நல்லது.

இப்ப உங்க கோடு எப்படி எழுதியிருக்குங்கிறதுதான் விஷயம். ஒழுங்கா அவெய்ட் (பதில் வர்ற வரைக்கும் த்ரெட்டை விட்டுக்குடுக்கிற கட்டளை) போட்டிருந்தா டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்துல த்ரெட் எதுவும் மாட்டியிருக்காது, க்வெரியும் ஒரு டிபி கனெக்ஷனும்தான் வீணா ஓடும். பதில் வர்ற வரைக்கும் த்ரெட்டைப் பிடிச்சே வச்சிருக்கிற சிங்க் கால்னா ஒவ்வொரு ரெஃப்ரெஷ்ஷுக்கும் ஒரு த்ரெட் முழுசா முடங்கும். பூல் தயங்காம குடுக்கிறது சிபியு கோர் எண்ணிக்கை அளவுக்குத்தான், 4 கோர்னா 4, அதுக்கு மேல நிதானமாத்தான் சேர்க்கும், அதனால ரிப்போர்ட் பக்கமே போகாதவனுக்கு லாகின் பேஜ் தொங்கும், சிபியுவப் பாத்தா சும்மா இருக்கும், எல்லாரும் நெட்வொர்க் டீமைத் திட்டுவாங்க.

சரி, என்ன பண்ணணும்? ரிக்வெஸ்ட்டை வாங்குற ஆக்ஷன் மெத்தட்ல கேன்சலேஷன்டோக்கன் ஒரு பாராமீட்டரா வாங்குங்க, ஃப்ரேம்வொர்க்கே நிரப்பிடும், அதை க்வெரியை ஓட்டுற டூலிஸ்ட்அசிங்க் வரைக்கும் கடத்துங்க, அப்பதான் எஸ்கியூஎல் சர்வருக்கே நிறுத்துன்னு சிக்னல் போகும். நடுவுல ஒரு சர்வீஸ் க்ளாஸ் டோக்கனை வாங்காம விட்டா அதோட சரி. பெரிய லூப் ஓடுதுன்னா உள்ளயே அப்பப்ப டோக்கனை செக் பண்ணணும்.

ஆனா பணம் கழிக்கிற மாதிரி வேலைக்கு இந்த டோக்கனைக் குடுத்துடாதீங்க, பேங்க்ல கழிஞ்சு உங்க டேபிள்ல ஏறாம நின்னா உங்க பாடுதான்.

கேன்சல் ஆனதெல்லாம் லாக்ல எரரா கொட்டும், ஆபரேஷன்கேன்சல்ட் எக்ஸெப்ஷனைத் தனியா பிடிச்சிருங்க, டேட்டாபேஸோட பேசற லைப்ரரியான எஸ்கியூஎல் க்ளையன்ட் சில நேரம் எஸ்கியூஎல் எக்ஸெப்ஷனாவே எறியும், அதையும் சேத்துக்குங்க. உங்க சர்வருக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கிற ப்ராக்ஸி சர்வர் இருந்தா அதோட லாக்ல 499 எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, பாதியில ஓடினவங்க கணக்கு அங்க இருக்கும்.