கேமராவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

சென்ற வாரம் கரூரிலிருந்து ஒரு தாயும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். தாய், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் துணி சரிபார்க்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். அவளைப் புகைப்படத் துறையில் சேர்ப்பது பற்றிக் கேட்க வந்திருந்தார்கள். தாய் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புக்கான கட்டண விவரம்: விடுதியோடு சேர்த்து மூன்றாண்டுக்கு 9 லட்சம். இன்னொன்று, அண்ணன் மகன் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல்: ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24-70 லென்ஸ், 70-200 லென்ஸ், கிம்பல், டிரோன். கூட்டுத்தொகை 5,60,000.

"நகையை வைத்துவிடலாம் சார். மீதிக்குக் கடன் கேட்டிருக்கிறோம். இவள் பிழைத்துக்கொள்வாளா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

பிழைத்துக்கொள்வாள், பயப்படாதீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். தாள்களை முழுதாகப் படித்த பிறகு அந்த ஆறுதலைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் பேசியதையே இங்கே எழுதுகிறேன். இதே இரண்டு தாள்களோடு இன்னும் பல வீடுகள் உட்கார்ந்திருக்கின்றன.

அம்மா, இரண்டையும் கூட்டினால் 14,60,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும். கல்யாண வீட்டில் புகைப்பட உதவியாளராகப் போகும் ஒரு பெண், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்த 12,000-ஐ எங்கிருந்து எடுப்பாள்? உங்கள் பெரியப்பா, "காலேஜ் பெயர் பெரிதாக இருந்தால்தான் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்ள முடியும்" என்றாராம். சம்பந்தம் பேசும் நாளில் வட்டி கட்டப்போகிறவர் அவர் இல்லை.

கேமரா பட்டியலுக்கு வருகிறேன். ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா, இல்லையென்றால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அண்ணன் மகன் சொல்லியிருக்கிறார். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்டது. ஓர் ஏ4 தாளைச் சட்டம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 480 புள்ளிகள் கிடைக்கும். பழைய ஆவணங்களைப் படமெடுத்துப் பாதுகாப்பவர்கள் கேட்பது 300 முதல் 400. உள்ளே இருக்கும் சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி வகையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இருட்டு மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பவருக்குப் பெரிய சென்சார் உதவும், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பெண் எதை எடுக்கப் போகிறாள் என்று அந்தப் பட்டியலை எழுதியவர் அவளிடம் கேட்டாரா?

நான் கேட்டேன். இருபது நிமிடம் பேசாமல் இருந்தவள் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

கோடை விடுமுறையில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் இரண்டு மாதம் ஆல்பம் வேலை பார்த்திருக்கிறாள். மணப்பெண்ணின் நிறத்தை இரண்டு படி ஏற்ற வேண்டும், மூக்கைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும், தழும்பு எதுவும் இருக்கக் கூடாது; அங்கே அதுதான் ஒழுங்கு. ஒரு மணப்பெண்ணின் இடது கன்னத்தில் அம்மைத் தழும்புகள் மூன்று. அவற்றை இவள்தான் அழித்தாள். ஆல்பம் வாங்க வந்த அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினாள், ஒன்றும் சொல்லவில்லை, ஒருமுறை மட்டும் விரலால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து இவள் அந்த வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இதற்குக் கிடைத்த பெயர், "ஒரு இடத்தில் நிலைத்து நிற்க மாட்டாள்".

அம்மா, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. உங்கள் மகள் வேலையை விட்டு ஓடவில்லை. எது தன் வேலை இல்லை என்று பதினேழு வயதில் கண்டுகொண்டாள். 14 லட்சம் கடன் வாங்கி அவளை அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

படத்தைத் திருத்துவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். புகைப்படம் பிறந்த நாளிலிருந்து திருத்தமும் உடன் இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்தார். அக்கால முறையில் அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அதே மனிதர் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அவர் வரைந்த மேகம் அங்கே இல்லாததுதான். ஆனால் அதனால் கோயிலைப் பற்றி யாரும் ஏமாறப் போவதில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்தை அவர் வரைந்து சேர்த்திருந்தால் கதையே வேறு. நான் கோடு போடுவது அந்த இடத்தில். பார்ப்பவர் எதை நம்பிப் படத்தைப் பார்க்கிறாரோ, அதில் கை வைக்கக் கூடாது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2014-இல், சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் கிடந்த வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசு பெற்ற ஒரு புகைப்படக்காரருடனான உறவையே முறித்துக்கொண்டது. நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, விளம்பரப் படத்தில் உடலின் அளவையோ உருவத்தையோ தோலையோ மாற்றினால் அதை அந்தப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஒரு பெண்ணின் தோல் நிறத்தை அவளைக் கேட்காமலே மாற்றுவது எனக்கும் அந்தக் கல்வெட்டில் கை வைப்பதாகத்தான் படுகிறது.

இந்த மனம் கொண்ட பெண்ணுக்கு ஏற்ற வேலை இருக்கிறதா? இருக்கிறது. சினிமா, செய்தி, விளம்பரம் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவற்றைச் சொல்ல உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சொல்லாத ஒன்று, ஓலைச்சுவடி, பழைய நூல், பத்திரம், கல்வெட்டு ஆகியவற்றைப் படமெடுத்து மின்னாக்கம் செய்யும் வேலை.

அந்த அறையைக் கொஞ்சம் மனதில் கொண்டுவாருங்கள். கேமரா தலைகுப்புறக் கவிழ்ந்து, ஒரு தூணில் பொருத்தப்பட்டிருக்கும். மூடிப்போன ஸ்டூடியோக்களில் தூசி படிந்து கிடக்கும், பிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கி அச்சிட்ட என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டால் அதன் தூணே இதற்கு அருமையாகப் பொருந்தும். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்குகள். கீழே ஓலை. முதலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, நான்கு மூலையிலும் வெளிச்சம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓலையில் கீறிய எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியைப் பூசித் துடைத்து எழுப்புவார்கள். புல்தைல வாசனை அறை முழுக்க இருக்கும். கட்டை அவிழ்த்தால் ஏடுகளின் வரிசை மாறக் கூடாது. முன்பக்கம் ஒரு படம், திருப்பிப் பின்பக்கம் ஒரு படம். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோலும், நிறம் சரியா என்று ஒப்பிட உதவும் நிற அட்டையும் தெரிய வேண்டும். 40 செ.மீ. நீள ஏட்டை ஒரே படத்தில் அடக்கினால் அங்குலத்துக்கு 380 புள்ளிகள்தான் வரும். இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் இரண்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். எடுத்த கோப்பு, தரம் குறையாமல் காக்கும் டிஃப் வடிவில் சேமிக்கப்படும். பின்னாளில் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணும் அதனோடு இருக்கும்.

பின்னணித் துணிகூட யோசித்துப் போட வேண்டியது. கருப்புத் துணி விரித்தால் பூச்சி அரித்த துளை மையெழுத்தைப் போலவே கருப்பாகத் தெரியும். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, குத்தினால் ஓலை கிழியும் என்பதால். அப்படியிருக்க ஒரு துளையைப் புள்ளி என்று படித்துவிட்டால் சொல்லே மாறிப்போகும். இப்போது செல்போனில் வரும் 'தெளிவாக்கும்' செயலிகள் கறை என்று நினைத்து எழுத்தின் கீறலை அழித்துவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தில் இல்லாத எழுத்தை அழகாக எழுதியும் தருகிறது. ஆகவே இந்த வேலையில் தழும்பை அழிப்பவருக்கு இடமில்லை. உடைந்த ஓரம் உடைந்தபடி, செல்லரித்த இடம் செல்லரித்தபடி வர வேண்டும். உங்கள் பெண்ணிடம் இதைச் சொன்னபோது தன் செல்போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினாள். பாட்டியின் பழைய கிரயப் பத்திரம். ஜன்னல் ஓரம் வைத்து, நிழல் விழாமல் எதிர்ப்பக்கம் எவர்சில்வர் தட்டைச் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாள். மடிப்பில் விட்டுப்போன இரண்டு எழுத்துகளை அப்படியே விட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்டீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். கோயில்களில் கிடக்கும் சுவடிகளை அறநிலையத் துறை தேடி எடுத்து மின்னாக்கம் செய்துவருகிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்தும் ஞான பாரதம் திட்டத்தை மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரை வேலை, அதாவது ஒப்பந்தம்தான். முதல் சில ஆண்டுகள் ஐ.டி. மாப்பிள்ளையின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் கசக்கும். ஆனால் இந்தக் கை இன்னொரு கதவையும் திறக்கும், அதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள். உங்கள் நிறுவனத்தில் ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டி இருக்கிறதல்லவா? பகல் வெளிச்ச விளக்கின்கீழ் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் மஞ்சள் விளக்கின்கீழ் வேறு வேறாகத் தெரியும் என்பது உங்களுக்குப் பழக்கம். இணையத்தில் அரக்கு நிறம் என்று பார்த்து வாங்கிய சேலை வீட்டுக்கு வரும்போது வேறு நிறமாக இருந்தால் திரும்பிப் போகிறது. நிறம் மாறாமல் துணியைப் படமெடுக்கத் தெரிந்தவருக்குக் கரூரிலும் திருப்பூரிலும் காஞ்சிபுரத்திலும் வேலை உண்டு. ஓலைக்கு வைக்கும் அதே நிற அட்டை, அதே இரண்டு விளக்கு.

இனிச் செலவு. பழைய 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று, தூண், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 95-க்கு மேலுள்ள இரண்டு எல்.இ.டி. விளக்குகள், நிற அட்டை. அண்ணன் மகனின் பட்டியலில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். அதையும் இந்த ஆண்டு வாங்க வேண்டாம். படிப்புக்குக் கரூர் அரசு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பழந்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த புகைப்படக்காரருக்கு வெறும் புகைப்படக்காரரைவிட மதிப்பு அதிகம். எதை எடுக்கிறோம் என்று தெரிந்தால் கை தானாகவே கவனமாகும். முதுகலை வரை போனால் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது, உதவித்தொகையோடு.

பயிற்சிக்கு உங்கள் மாவட்டத்திலேயே புகலூர் ஆறுநாட்டான் மலை இருக்கிறது. சேர அரசர் மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் அந்தப் பாறை மொட்டையாகத் தெரியும். டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் இறங்கி எழுத்து எழுந்து வரும். இப்போது இருக்கும் செல்போனே போதும். டிரைபாட் விரிப்பதானால் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் நிரப்பக் கூடாது. தவறான எழுத்தை நிரப்பிவிட்டால் அடுத்து வருகிறவரும் அதையேதான் படிப்பார்.

பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்லத் தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். நகை பீரோவிலேயே இருக்கட்டும். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். அடுத்த மாதம் வரும்போது பாட்டியின் பத்திரத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பழைய நிற அட்டை இருக்கிறது, அதை வைத்து அவள் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.