பைபாஸா, ஸ்டென்ட்டா, காத்திருக்கலாமா? இதய அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரே கேள்விதான் இருந்தது: "இப்போதே செய்தாக வேண்டுமா?" சிலருக்கு இன்றே செய்ய வேண்டும். சிலருக்கு மாதங்கள் கழித்துச் செய்தால் போதும். சிலருக்கு எப்போதுமே தேவைப்படாது.

அப்பாவுக்கு 58 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வேகமாக நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று ஆஞ்சியோ செய்தோம். 90, 80, 70 என்று மூன்று அடைப்பு. அவரை டேபிளில் வைத்துக்கொண்டே வெளியே வந்து, "இப்போதே மூன்று ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்று கையெழுத்துக் கேட்டார்கள். பயந்துபோய் வேண்டாம் என்று வந்துவிட்டோம். வேறொரு டாக்டர் பைபாஸ் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (திண்டுக்கல்)

வேண்டாம் என்று வந்ததில் தப்பில்லை. மாரடைப்போடு வருகிறவருக்கு அடைத்த குழாயை உடனே திறந்தாக வேண்டும், அங்கே யோசிக்க நேரமில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்தால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. அவருக்கு நாலு நாள் யோசிக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலி வர ஆரம்பித்தால் மட்டும் யோசனையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

90, 80, 70 என்ற எண்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இடதுபக்கத்துத் தாய்க்குழாயில், அதாவது லெஃப்ட் மெயினில், 60 சதவீதம் இருந்தாலே கவலைதான். ஒரு சின்னக் கிளையில் 95 இருந்தாலும் மாத்திரையோடு பல வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், ஈ.எஃப். என்று ஒரு எண் இருக்கும், அது இதயம் பம்ப் செய்யும் திறன். 60 என்றால் நிம்மதி. மூன்று அடைப்போடு 35 என்றால் என் கை பைபாஸ் பக்கம்தான் சாயும்.

உங்கள் அப்பா விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது சர்க்கரை. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களை வைத்து நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து வருடக் கணக்கில், ஸ்டென்ட் வைத்தவர்களைவிட பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் மரணமும் மாரடைப்பும் குறைவு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் கூடுதல். காரணம் எளிது. குழாய்க்குள் வைக்கும் கம்பிவலையான ஸ்டென்ட், அது உட்காரும் இடத்தை மட்டும் சரிசெய்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயின் நீளம் முழுக்கவே நோய் இருக்கும். பைபாஸில் புதுக்குழாயை அடைப்புகளைத் தாண்டிக் கீழே இணைக்கிறோம், அதனால் மேலே நாளைக்கு இன்னொரு அடைப்பு வந்தாலும் ரத்தம் போய்ச் சேரும்.

டாக்டரைப் பார்க்கும்போது ஒன்று கேளுங்கள்: "முன்பக்கக் குழாய்க்கு, எல்.ஏ.டி.க்கு, மார்புத் தமனி வைப்பீர்களா?" நெஞ்சு எலும்புக்குப் பின்னால் ஓடும் அந்தத் தமனியை வைத்து இணைத்தால் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் குழாயில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு நல்ல மாத்திரைகளோடு தொடங்கினாலும், நேராக ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தாலும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைவதில் மட்டும் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மேல். ஆனால் லெஃப்ட் மெயின் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் தளர்ந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஞ்சியோ படம் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, அறுவை நிபுணர் ஒருவரிடமும் இதயநோய் மருத்துவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட் தாளை மட்டும் படித்துவிட்டுச் சொல்லும் கருத்தை நான் நம்ப மாட்டேன்.

இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்களாமே? திரும்ப ஓடாவிட்டால் என்ன ஆகும்? "பீட்டிங் ஹார்ட் சர்ஜரி" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதுதான் நல்லதா? (ஈரோடு)

பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தியதும் இதயம் தளர்ந்து அசைவில்லாமல் நிற்கும். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சுற்றவிடுவதும் பிராணவாயு ஏற்றுவதும் ஹார்ட்-லங் மெஷினின் வேலை. வேலை முடிந்து, இதயத்துக்கு ரத்தம் போகாமல் பிடித்திருந்த கவ்வியை எடுத்து, வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே பாய்ந்ததும் பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கிவிடும். சில சமயம் துடிக்காமல் நடுங்கும், சின்னதாக ஒரு ஷாக் கொடுத்தால் சரியாகிவிடும். இந்தக் கருவியை வைத்து ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தார். நம் நாட்டின் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்தது. இந்த முறைக்கு வயது அதிகம், ஆகவே பயப்பட வேண்டாம்.

பீட்டிங் ஹார்ட், அதாவது இதயத்தை நிறுத்தாமல் செய்வது, பைபாஸுக்கு மட்டும் பொருந்தும். வால்வு மாற்றவும் உள் ஓட்டையை அடைக்கவும் இதயத்தைத் திறந்தாக வேண்டும், மெஷின் இல்லாமல் முடியாது. பைபாஸிலும் பெரிய ஆய்வுகளில் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியில் சுண்ணாம்பு படிந்தவருக்கு ஓடும் இதயத்தில் செய்வது நல்லது. மற்றவர்களுக்கு, உங்கள் அறுவை நிபுணருக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது.

மூன்று மாதக் குழந்தை. இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். "தானே மூடிக்கொள்ளும், ஐந்து வயது வரை பார்க்கலாம்" என்கிறார் மாமியார். (விழுப்புரம்)

சின்ன ஓட்டை என்றால் உங்கள் மாமியார் சொல்வது சரி. கீழறைச் சுவரில் உள்ள சின்ன ஓட்டைகள் பல, முதல் ஓரிரு வருடத்தில் தாமாகவே மூடிக்கொள்ளும். ஓட்டை பெரிதா என்பதை எக்கோ சொல்லும், அதற்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறதா? நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்கி விட்டுவிடுகிறதா? எடை ஏறவில்லையா? அடிக்கடி நெஞ்சுச்சளி என்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் ஐந்து வயதுவரை காத்திருப்பது ஆபத்து. நுரையீரல் ரத்தக்குழாய்கள் அந்த அழுத்தத்தில் தடித்து இறுகிவிடும். அதன்பின் ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பெரிய ஓட்டையை முதல் பிறந்தநாளுக்குள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூடுவதுதான் இன்றைய வழக்கம். அழும்போது குழந்தையின் உதடு நீலம் பூத்தால் அது வேறு வகை நோய், உடனே காட்டுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையை அரசுத் திட்டத்தில் சேர்த்துவிடும் வேலையை அவர்கள் செய்வார்கள்.

மகளுக்கு 24 வயது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. இப்போது மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது என்கிறார்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வால்வு மாற்றினால் குழந்தை பெற முடியுமா? (தேனி)

அம்மா, வால்வை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இந்த வால்வின் இதழ்கள் இன்னும் மெத்தென்று இருந்து, கசிவு அதிகமில்லாமல், மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்றால், தொடை வழியாக பலூனை அனுப்பி ஒட்டிக்கொண்ட இதழ்களைப் பிரித்துவிடலாம். ஜப்பானிய அறுவை நிபுணர் இனோவே 1980களில் கொண்டுவந்த முறை இது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பல வருடம் நிம்மதி கிடைக்கும். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் முன் இதைச் செய்துகொள்வது மிக நல்லது, ஏனென்றால் கர்ப்ப காலத்தில் கூடும் ரத்தத்தைச் சுருங்கிய வால்வு தாங்காது.

பலூன் முடியாது என்று சொன்னால் வால்வைப் பழுதுபார்க்க முடியுமா என்று கேளுங்கள். அதுவும் முடியாது என்றால்தான் மாற்றுவது. உலோக வால்வு ஆயுளுக்கும் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி 1990 இறுதியில் முதன்முதலாகப் பொருத்திய சித்திரா வால்வு இன்றும் விலை குறைந்த நல்ல வால்வு. ஆனால் உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் விடாமல் நடக்க வேண்டும், மைட்ரல் வால்வுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம், நிறுத்தினாலோ வால்வு அடைத்துக்கொள்ளலாம். முடியாது என்று சொல்லவில்லை, பலர் பெற்றிருக்கிறார்கள். ஆனால் நாள் தள்ளியதும் அல்ல, அதற்கு முன்பே டாக்டரிடம் திட்டம் போட வேண்டிய விஷயம் இது. திசு வால்வுக்கு இந்த மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவையில்லை. இளம் வயதில் அது பத்துப் பதினைந்து வருடம்கூட நிற்காமல் போகலாம், அப்போது மறுபடியும் ஆபரேஷன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையையும் பரிசோதனையையும் ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. அந்த மூட்டுக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, பலூன் செய்தாலும் வால்வு மாற்றினாலும், டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காகக் கீரையைத் தள்ளி வைக்க வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடுகிறாரோ அந்த அளவை மாற்றாமல் இருந்தால் போதும். "ரத்தப் பரிசோதனையே தேவையில்லாத புது மாத்திரை" என்று யாராவது சொன்னால், உலோக வால்வுக்கு அது ஆகாது.

அம்மாவுக்கு 82. அயோர்டிக் வால்வு சுருக்கம். மாடி ஏறும்போது மயங்கி விழுந்தார். இந்த வயதில் எதற்கு ஆபரேஷன் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். (புதுச்சேரி)

இதயத்திலிருந்து மகாதமனிக்கு ரத்தம் போகும் வாசல்தான் இந்த வால்வு. மயக்கம் வந்துவிட்டது என்றால் அது தன் எல்லைக்கு வந்துவிட்டது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள், மாத்திரையால் வால்வைத் திறக்க முடியாது. இந்த வயதுக்கு ஏற்றது டாவி என்ற முறை. 2002இல் பிரான்ஸில் அலேன் க்ரிபியே முதலில் செய்தது. தொடைத் தமனி வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பழையதற்குள்ளேயே விரிக்கிறார்கள். வால்வின் விலை மட்டுமே பல லட்சம், அதுதான் இதில் பெரிய தடை. மற்றபடி 82 ஒரு தடையில்லை. ஓடியாடிக்கொண்டிருந்தவரா, படுக்கையில் கிடந்தவரா என்பதைத்தான் நான் கேட்பேன்.

ட்ரிப் ஏற்றியே அடைப்பைக் கரைத்துவிடலாம் என்று விளம்பரம் வருகிறதே? (மதுரை)

கரையாது. பணம்தான் கரையும்.

அண்ணன் ஆறடி இரண்டு அங்குலம், ஒல்லி, நீண்ட விரல்கள். சின்ன வயதிலேயே கண் லென்ஸ் நகர்ந்துவிட்டது. சித்தப்பா 40 வயதில் திடீரென்று இறந்தார். எங்களுக்குப் பரிசோதனை வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

வேண்டும், உங்கள் வீட்டில் எல்லோருக்கும். நீங்கள் எழுதியிருப்பது மார்ஃபான் என்ற பரம்பரை நோயின் அடையாளங்கள். இதில் மகாதமனியின் சுவர் பலவீனமாகி, இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே மெல்ல மெல்ல விரியும். வலி இருக்காது, எதுவும் தெரியாது. ஒருநாள் சுவரின் உள்ளடுக்கு கிழியும். நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கத்தியால் கிழிப்பதுபோல வலி வரும். முதல் இரண்டு நாளில் மணிக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில் உயிர் போகும். அதை வாயு என்றோ மாரடைப்பு என்றோ நினைத்து நேரத்தை இழந்தவர்கள் நிறைய.

முன்கூட்டியே தெரிந்தால் இது திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை. ஒரு எக்கோ போதும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். தமனியின் அடிப்பகுதி 5 சென்டிமீட்டரைத் தொடும்போது மாற்றிவிடுகிறோம். குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் 4.5லேயே யோசிப்போம். வால்வையும் தமனியையும் சேர்த்து மாற்றும் பென்டால் ஆபரேஷன் 1968இலிருந்து இருக்கிறது. வால்வு நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு தமனியை மட்டும் மாற்றும் முறையும் உண்டு. அண்ணன் ஜிம்மில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குகிறவர் என்றால் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பைபாஸ் முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பைக் எப்போது ஓட்டலாம்? இருமினால் நெஞ்சு பிளப்பதுபோல் இருக்கிறது. (தஞ்சாவூர்)

கம்பியால் கட்டிய நெஞ்சு எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது கையை ஊன்றி உந்தாமல், ஒருக்களித்துப் படுத்துக் காலைக் கீழே இறக்கியபின் எழுந்திருங்கள். பைக்குக்கு மூன்று மாதம் பொறுங்கள், வண்டி குழியில் இறங்கும் அதிர்ச்சியை எலும்பு தாங்க வேண்டும். நடப்பதை மட்டும் இன்றே தொடங்குங்கள். குழாய் எடுத்த கால் வீங்குவது சகஜம். எலும்பு "கிளிக்" என்று அசைந்தாலோ, தையலில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் வாருங்கள்.

பல் பிடுங்க வேண்டி வந்தால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் பைபாஸ் ஆனவர் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.