முள்ளிவாய்க்கால் கூட்டத்தில் ரோஹிங்கியாவுக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மே 18 அன்று பட்டர்வொர்த்தில் நடந்த நினைவேந்தலுக்கு வந்திருந்தேன். உங்கள் பேச்சில் பாதி மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பற்றியே போனது. எனக்கு அது ஒப்பவில்லை. நம் சனத்துக்கு நடந்ததைப் பேச வருடத்தில் ஒரே ஒரு நாள், அதையும் பங்கு போட வேண்டுமா? அவர்களுக்காகப் பேச இந்த நாட்டில் ஆளா இல்லை? நமக்குத்தான் இல்லை. இன்னொன்று. இலங்கையில் நடந்தது இனப்படுகொலை என்று எந்த உலக நீதிமன்றமும் சொல்லவில்லையே என்று என் மகன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு நினைவுக் கஞ்சி குடித்து விளக்கேற்றுவதால் என்னதான் ஆகிவிடப் போகிறது? கோபத்தில் எழுதவில்லை ஐயா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கா., பிறை

அன்புள்ள கா.,

கோபம் இருந்தாலும் தப்பில்லை. அன்று கஞ்சிக்கு நின்ற வரிசையிலேயே இரண்டு பேர் இதைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஒருவர் திட்டினார்.

2009 மே 27-ஐ எடுத்துக்கொள்வோம். முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வு. கடைசியில் நிறைவேறியது இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29-இல் இந்தியா உண்டு, நம் மலேசியாவும் உண்டு. இந்தியாவைத் திட்டாத மேடை நமக்குக் கிடையாது. நாம் ஓட்டுப் போடும் அரசாங்கம் கைதூக்கியதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. 2012-இல் அதே மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோதும் மலேசியா நடுநிலைதான்.

ஏன் நம்மால் நம் அரசாங்கத்தைக்கூட அசைக்க முடியவில்லை? எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த நாட்டில் சாவுக்கும் இனவாரியாகக் கோட்டா இருக்கிறது. பாலஸ்தீனம் மலாய்க்காரர்களுடையது, ஜப்பானியர் காலம் சீனர்களுடையது, ஈழம் நம்முடையது. ஆயர் ஈத்தாமில் போரில் மாண்ட சீனர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அதன் அருகில் போய் நின்றிருப்போம்? 1942-இல் இதே தீவில் ஜப்பானியப் படை சீனர்களை வரிசையில் நிறுத்தியது. முகத்தை மூடிய ஆட்காட்டி ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவர் லாரியில் ஏற வேண்டியதுதான். நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த அதே ஊரில் நடந்தது இது. நமக்கு அது அவர்கள் கதை. அப்படியிருக்க, முள்ளிவாய்க்கால் மட்டும் எப்படி அவர்களுக்குத் தங்கள் கதையாகத் தோன்றும்?

அரசியல்வாதிக்கு இது ரொம்ப வசதி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அமைச்சர் வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ரோஹிங்கியாக்களுக்குப் பேச ஆள் இருக்கிறது என்கிறீர்களே, அந்தப் பேச்சின் லட்சணத்தைப் பாருங்கள். 2016 டிசம்பரில் தித்திவாங்சா அரங்கத்தில் அன்றைய பிரதமரே மேடையேறி, மியன்மாரில் நடப்பது இனப்படுகொலை என்று முழங்கினார். 2020 ஏப்ரலில் சுமார் 200 ரோஹிங்கியாக்களோடு லங்காவி பக்கம் வந்த படகை நம் கடற்படை திருப்பி அனுப்பியது. கோவிட் காலம், காரணம் கேட்கவா வேண்டும்.

அந்த மாதத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு படகின் படம். அடியில் தமிழில்: 'இதுகளைக் கரையேற விட்டால் நம் பிள்ளைகளுக்கு வேலை மிஞ்சாது. நடுக்கடலிலேயே முடித்துவிட வேண்டும்.' அனுப்பியவர் வருடம் தவறாமல் மே 18-க்கு வருகிறவர், நாற்காலி எடுத்துப் போடுகிறவர். நல்ல மனிதர், கிண்டலாகச் சொல்லவில்லை. கீழே பதினைந்து இருபது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். ருவாண்டாவில் 1994-க்கு முன் ஒரு வானொலி துட்ஸி இனத்தவரைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது. பிறகு சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் செத்தார்கள். பட்டர்வொர்த் ருவாண்டா ஆகிவிடும் என்று சொல்லவரவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை 1983-இல் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த வெறியாட்டத்தைப் பார்த்த இனமே கண்டுபிடிக்கவில்லை என்றால் வேறு யார் கண்டுபிடிப்பது? அன்று நான் மேடையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்கு இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவுமான ஐ.நா. உடன்படிக்கை 1948 டிசம்பர் 9-இல் ஏற்கப்பட்டது. மலேசியா 1994-இல் அதில் சேர்ந்தது. சேரும்போதே ஒரு நிபந்தனையையும் செருகியது: ஒன்பதாம் பிரிவின்படி மலேசியா சம்பந்தப்பட்ட வழக்கு எதுவும் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் மலேசியாவின் தனி ஒப்புதல் வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட பூட்டு. சிக்கல் என்னவென்றால் அது இரண்டு பக்கமும் பூட்டும். மலேசியா இன்னொரு நாட்டின் மீது வழக்குத் தொடுத்தால், உன் நிபந்தனை எனக்கும்தான் என்று அந்த நாடு சொல்லிவிடலாம். இங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா அகதிகள் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் மியன்மார் மீது வழக்குப் போட்டது யார்? மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஓரத்தில் இருக்கும் காம்பியா. சின்னஞ்சிறு நாடு. இரண்டரை மாதத்துக்குள், எஞ்சியிருக்கும் ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும் என்று மியன்மாருக்கு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

நாளைக்கே நம் கோரிக்கையை மலேசியா ஏற்று இலங்கை மீது வழக்குப் போட நினைத்தாலும் இதே பூட்டுதான் குறுக்கே நிற்கும். அந்த நிபந்தனையை விலக்கு என்று நாம் தனியாகக் கேட்டால் யார் காதில் விழும்? ரோஹிங்கியாவுக்காகப் பேசும் மலாய் அமைப்புகளும் சேர்ந்து கேட்டால் கதையே வேறு. நான் பங்கு போடவில்லை கா., ஆள் சேர்க்கிறேன்.

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. உலக நீதிமன்றம் எதுவும் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை என்பது உண்மை. இலங்கை அரசும் இன்றுவரை மறுக்கிறது. கனடா நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. அது அரசியல் அங்கீகாரம், தீர்ப்பு அல்ல. நீதிமன்றத்தில் நிரூபிக்கக் கஷ்டமானது நோக்கம். எத்தனை பேர் செத்தார்கள் என்பது போதாது, ஓர் இனத்தை இனமாகவே அழிக்க நினைத்துத்தான் கொன்றார்கள் என்று காட்ட வேண்டும். செர்பியா மீது பொஸ்னியா போட்ட வழக்கில் 2007-இல் தீர்ப்பு வந்தபோது, அத்தனை கொடுமைகளில் எண்ணாயிரம் பேர் அளவில் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா நகரப் படுகொலையை மட்டுமே அனைத்துலக நீதிமன்றம் இனப்படுகொலை என்று ஏற்றது.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, மகனிடம் இதைச் சொல்லுங்கள். தடுக்க வேண்டிய கடமை, ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாட்டுக்குத் தெரியவரும் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. தெரியவந்திருக்க வேண்டும் என்றாலே போதும். தீர்ப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதற்குச் சட்டத்திலேயே இடமில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு ஐ.நா. ஊழியர்கள் புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. போனார்கள். தங்கள் கையிலிருந்த உயிரிழப்புக் கணக்கைக்கூட உரிய நேரத்தில் உலகத்துக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் நாம் சொல்லவில்லை, 2012-இல் வந்த ஐ.நா.வின் சொந்த உள்ளக ஆய்வறிக்கை சொல்கிறது.

நோக்கத்தை நிரூபிக்கச் சாட்சியம் வேண்டும். 2021-இல் மனித உரிமை மன்றம் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் செய்துவருகிறது. வன்னியிலிருந்து தப்பி வந்து யுஎன் கார்டோடு (ஐ.நா. அகதி அட்டை) இங்கே ஒண்டியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பயம் இருப்பதும் புரிகிறது. 2019-இல் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று, சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள், 2020-இல் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள், நம் கூட்டங்களில் காலி நாற்காலிகள் இன்னும் நிறையவில்லை. ஆனால் சாட்சியம் எழுதி வைப்பது எந்த இயக்கத்தையும் ஆதரிப்பது ஆகாது.

என்ன ஆகிவிடப் போகிறது என்றீர்கள். இந்த உடன்படிக்கையை அமெரிக்கா ஏற்கவே ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது. பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1967-இல் தொடங்கி, செனட் கூடிய நாளெல்லாம் எழுந்து இதைப் பற்றி ஒரு சின்ன உரை ஆற்றினார். மொத்தம் 3,211 உரைகள். சக உறுப்பினர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1986-இல் செனட் ஒப்புக்கொண்டது.

ஒன்பதாம் பிரிவு நிபந்தனையை விலக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்ப மலாயில் ஒரு பக்கக் கடிதம் தயாராக இருக்கிறது. ரோஹிங்கியா, இலங்கை இரண்டையும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன். உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். உங்கள் தொகுதிக்காரர் யாரோ அவர் பெயரைப் போட்டு, உங்கள் கையெழுத்தோடு மகன் கையெழுத்தையும் வாங்கி அனுப்புங்கள். ரோஹிங்கியா வரியை அடிக்க வேண்டும் என்று தோன்றினால், அடிப்பதற்கு முன் ஒரு போன் போடுங்கள்.